கையெழுத்து போட்டபின் வங்கியிடம் கேட்கலாமா?

பிரிட்டனில் படிக்கும் மாணவர் ஒருவர் அங்குள்ள கடன்பற்று அட்டையில் சைக்கிள் வாங்குகிறார். அதன் சட்டகம் முறிந்து, விழுந்து கை ஒடிகிறது. கடையிடம் மட்டுமல்ல, அட்டை தந்த வங்கியிடமும் அவர் இழப்பீடு கேட்கலாம். அந்த உரிமையைத் தருவது 1974ஆம் ஆண்டு பயனீட்டாளர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவு. பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். இது விலைக்கான வரம்பு, இழப்பீட்டுக்கு அல்ல. முன்பணம் மட்டும் அட்டையில் கட்டியிருந்தாலும் போதும்.

சிக்கல் சமரசத்தில்தான். கடை ஒரு தொகையைக் கொடுத்து, ‘முழுமையான, இறுதித் தீர்வு’ என்ற தாளில் கையெழுத்து வாங்கிவிடுகிறது. கை சரியாகவில்லை. இனி வங்கியிடம் போகலாமா? பெரும்பாலும் பலன் இராது. வங்கியின் பொறுப்பு கடையின் பொறுப்பை ஒட்டியது. அதே இழப்புக்கு முழு ஈடு பெற்றாயிற்று என்றால் கேட்க எதுவும் மிஞ்சாது.

ஆனால், 2002இல் ஹீட்டன் வழக்கில், அப்போது உச்ச நீதிபீடமாக இருந்த பிரபுக்கள் சபை ஒரு வழியைக் காட்டியது. ஒருவருடன் செய்த உடன்பாடு மற்றவரையும் விடுவிக்குமா என்பது, அந்தத் தொகை முழு ஈடாக ஏற்கப்பட்டதா என்பதைப் பொறுத்தது. ‘சைக்கிளின் விலைக்கு மட்டும்’ என்று தாளில் இருந்தால், காயத்துக்கான கோரிக்கை நிற்கும். அந்த வரியைக் கடை தானாக எழுதித் தராது; நாம்தான் கேட்க வேண்டும். அவசரமும் இல்லை: காயம் தொடர்பாக வழக்குத் தொடர இங்கிலாந்தில் பொதுவாக 3 ஆண்டு அவகாசம் உண்டு.