நாயிலேயே சாதி இருக்கிறதே!

"நாயிலேயே சாதி இருக்கு, மனுஷன்ல மட்டும் இருக்கக் கூடாதா?" டீக்கடையிலும் கல்லூரி விடுதியிலும் யூடியூப் பின்னூட்டங்களிலும் ஓயாமல் வரும் கேள்வி இது. இதைக் கேட்பவர் ஏதோ அறிவியல் உண்மையைச் சொல்லிவிட்டதுபோல் நம்மைப் பார்த்துச் சிரிப்பார். அதற்குத் தத்துவம் எல்லாம் தேவையில்லை. நாயையே எடுத்துக்கொண்டு பதில் சொல்லலாம்.

ஆய்வுக்காகக் கரிசல் காட்டு ஊர்களில் அலைந்தபோதுதான் சிப்பிப்பாறை நாய்களை அருகிலிருந்து பார்த்தேன். ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட கால், கூர்ந்த முகம். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும் நாய் அது. வெட்டவெளியில் முயல் எழும்பினால் பார்வையை விலக்காமல் துரத்தும். உடம்பில் சதை குறைவு, முடி குட்டை. வெயில் நிலத்துக்கு ஏற்ற உடல்வாகு. ஒரு வேலைக்காக, ஒரு நிலத்தில், தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் தேர்ந்தெடுத்து உருவாக்கிய நாய்.

ஆட்டுக்கிடை போடும் பெரியவர் ஒருவரிடம், "இது என்ன சாதி நாய் தாத்தா?" என்று கேட்டேன். "தாய் சிப்பிப்பாற. தகப்பன் நம்மூர் நாய்தான். ஓட்டம் இருக்கா, காவல் இருக்கா, அதப் பாருங்க தம்பி. சாதிய வச்சு என்ன செய்ய?" என்றார். வேலை செய்யும் நாயை வைத்திருப்பவரின் கணக்கு அது. வேலைக்கு ஆகுமென்றால் கலப்பு அவருக்குப் பிரச்சினையே இல்லை.

'தூய ரத்தம்' என்ற கணக்கு வேறு இடத்திலிருந்து வந்தது. இங்கிலாந்தில் 1859-இல் நியூகாசில் நகரில் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873-இல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கப்பட்டது. அதன் பிறகுதான் பரம்பரைப் பதிவேடு, அதற்குள் மட்டுமே இணைசேர்க்கை, வெளியே கலந்தால் மதிப்பில்லை என்ற முறை நிலைபெற்றது. ஆக, நாய் இனத்தின் 'தூய்மை'க்கு ஏறத்தாழ 150 வயதுதான். அதை ஏற்படுத்தியது இயற்கையல்ல, பதிவேட்டைக் கையில் வைத்திருந்த மனிதர்கள்.

கூர்ந்து பாருங்கள். நாய் தானாக இனம் பார்த்து இணைசேர்வதில்லை. வேலி தாண்டி ஓடிப்போய் எந்த நாயோடும் சேரும். அதைத் தடுக்கத்தான் சங்கிலி, கூண்டு, பூட்டிய கதவு எல்லாம். பருவத்துக்கு வந்த பெட்டையை அடைத்து வைக்காவிட்டால் 'சாதி நாய்' ஒரே தலைமுறையில் முடிந்துவிடும்.

அம்பேத்கர் 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையின் மையமும் இதுதான். அகமணம்தான் சாதியின் உயிர்நாடி. அகமணத்தைக் காக்கத்தான் பெண்ணின் மீது அத்தனை கட்டுப்பாடுகள். 'நாயிலேயே சாதி இருக்கு' என்று சொல்பவர் தெரியாமலே இந்த உண்மையை ஒப்புக்கொள்கிறார்: பூட்டில்லாமல் சாதி இல்லை. நாய்க்குக் கூண்டு என்றால், மனிதருக்கு ஆணவக்கொலை. 2015-இல் கோகுல்ராஜும் 2016-இல் உடுமலை சங்கரும் கொல்லப்பட்டது இந்தப் பூட்டைக் காப்பாற்றத்தான். சாதி இயற்கையானது என்றால் அதைக் காக்க அரிவாள் எதற்கு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாய் இனங்களுக்கு இடையே உடலிலும் திறனிலும் உண்மையான வேறுபாடு உண்டு. கடுமையான தேர்வின் மூலம் மனிதர்கள் அதைக் கொண்டுவந்தார்கள். மனிதச் சாதிகளுக்கு இடையே அப்படி எதுவும் இல்லை. சாதி இனத்தூய்மையைக் காக்கிறது என்ற வாதத்தை 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலிலேயே அம்பேத்கர் உடைத்துவிட்டார். பஞ்சாபின் பார்ப்பனருக்கும் பஞ்சாபின் சமாருக்கும் இனத்தால் என்ன வேறுபாடு என்று அவர் கேட்டார். இன்றுவரை பதில் வரவில்லை.

சரி, 'தூய்மை' நாய்க்காவது நல்லது செய்ததா? ராஜபாளையம் நாயைப் பாருங்கள். காவலுக்கும் வேட்டைக்கும் பேர்போன நாய். முழு வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு என்ற அழகுதான் சந்தையில் விலை. அந்த வெள்ளையைத் துரத்தித் துரத்தி, நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே இணைசேர்த்ததன் விளைவு, இந்த இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறக்கின்றன. தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் உட்காதின் வேலைக்கும் தேவை. அவை இல்லாமல் போனால் குட்டி செவிடாகிறது. காவல் நாய்க்குக் காது போனால் என்ன மிச்சம்? வெள்ளை மோகம் வேலையைத் தின்றுவிட்டது.

நாட்டு நாய்களுக்கு இப்போது மவுசு. 2005-இல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். நம் மண்ணின் நாய்கள் அழியாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் விற்பனைக் காணொளிகளைப் பாருங்கள்: 'ஜமீன் நாய்', 'ராஜ வம்சத்து நாய்', 'ஒரிஜினல் பிளட் லைன்'. பின்னணியில் ஆண்ட பரம்பரைப் பாட்டு.

அந்த நாயைக் காட்டில் பழக்கியவர் யார்? கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் ஓடியவர் யார்? கூழைக் கரைத்து ஊற்றியவர், காயத்துக்கு மருந்து வைத்தவர் யார்? "ஓடுனது நாங்க, பேரு வீட்டுக்காரருக்கு" என்று அதே பெரியவர் சொன்னார். நிலத்தில் நடந்ததுதான் நாயிலும் நடந்திருக்கிறது. உழைப்பு ஒருவருடையது, பெருமை இன்னொருவருடையது.

சொற்களையும் கவனியுங்கள். வம்சம் சொல்லி விற்கப்படும் நாய்க்குத் தமிழில் 'சாதி நாய்' என்று பெயர். வம்சம் இல்லாமல் தெருவில் திரியும் நாய்க்கு ஆங்கிலேயர் 'பறையா டாக்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர் இப்படித்தான் வசைச்சொல்லாகி உலக அகராதிகளில் ஏறியது. இதன் வேர் காலனிய ஆட்சிக்கும் முந்தையது. சண்டாளர்கள் ஊருக்கு வெளியே வாழ வேண்டும், நாயும் கழுதையுமே அவர்களின் சொத்து என்று விதித்தது மனுஸ்மிருதி. 1927 டிசம்பர் 25 அன்று மகத்தில் அது எரிக்கப்பட்டது சும்மா இல்லை.

எனவே தோழர்களே, நாட்டு நாய் வளர்க்க ஆசையா, வளருங்கள். உடல்நலத்தையும் குணத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தெருவிலிருந்து தூக்கி வந்தாலும் நல்ல நாய்தான். அந்த நாய்களின் வரலாற்றை எழுதுபவர்கள் ஜமீன்தாரோடு நிறுத்தாமல் வேட்டைக்காரரிடமும் கீதாரியிடமும் போய்க் கேட்டு எழுதுங்கள். அடுத்த முறை யாராவது நாயைக் காட்டிச் சாதியை நியாயப்படுத்தினால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அந்த நாயை அவிழ்த்து விட்டுப் பாருங்களேன், சாதி பார்க்கிறதா என்று?"