நிபுணரிடம் கேள்வி கேட்பவர்

ஷீலா ஜஸனாஃபின் வாழ்க்கைக் குறிப்பை நம் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் காட்டினால், 'ஓரிடத்தில் நிலைக்காத பெண்' என்றுதான் சொல்வார். 1944-ல் கல்கத்தாவில் பிறந்தவர். முதலில் கணிதம், பின் மொழியியலில் முனைவர் பட்டம், அதன்பின் சட்டம். பாஸ்டனில் சிறிது காலம் சூழலியல் வழக்கறிஞர். 1978-ல் கார்னெல் பல்கலைக்கழகம் சென்று, அறிவியல்-தொழில்நுட்பம் பற்றிய ஆய்வுக்கென ஒரு துறை அங்கே உருவாகக் காரணமானார். 1998-ல் ஹார்வர்டின் கென்னடி பள்ளி. 2022-ல் ஹோல்பெர்க் பரிசு. இந்த நிலைகொள்ளாமையே அவருடைய முதலீடு என்பது நம் எண்ணம்.

விஞ்ஞானி உண்மையைச் சொல்வார், அமைச்சர் முடிவெடுப்பார். இடையில் சமூக அறிவியலாளருக்கு என்ன வேலை? 1990-ல் வெளியான 'ஐந்தாவது கிளை' என்ற நூலில் இதற்கு அவருடைய பதில் இருக்கிறது. அமெரிக்க அரசு முகமைகளுக்கு ஆலோசனை கூறும் நிபுணர் குழுக்களைப் பற்றிய நூல் அது. ஒரு பூச்சிக்கொல்லி எவ்வளவு இருக்கலாம் என்று கேட்கும்போது தரவு முழுமையாக இராது, எலியிடம் கண்டதை மனிதனுக்குப் பொருத்தியாக வேண்டும், கெடுவும் நெருங்கும். அங்கே எதுவரை அறிவியல், எங்கிருந்து கொள்கை என்று கோடு கிழிப்பதே அதிகாரச் செயல்தான். இதைச் சொன்னதும் 'அப்படியானால் அறிவியலும் வெறும் அபிப்பிராயமா?' என்று சிலர் பாய்வார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. அந்தக் கோட்டை யார் கிழித்தார், யாரைக் கேட்டுக் கிழித்தார் என்பதே அவர் எழுப்பும் கேள்வி.

1990-ல் பிரிட்டனின் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் தன் சிறு மகளுக்குப் புகைப்படக்காரர்கள் முன்னிலையில் மாட்டிறைச்சி பர்கர் ஊட்ட முயன்றார். 'மாடுகளுக்கு வந்த நோய் மனிதரை அண்டாது, நான் சொல்கிறேன், நம்புங்கள்' என்பதே அதன் பொருள். 1996 மார்ச்சில் அதே கட்சியின் அரசு, மனிதருக்கு வந்த மூளைநோய்க்கும் மாட்டிறைச்சிக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பிரிட்டன் ஆளை நம்புகிறது, அமெரிக்கா வாதப்பிரதிவாதத்தையும் எண்களையும் நம்புகிறது, ஜெர்மனி பல தரப்பும் அமர்ந்த குழுவை நம்புகிறது என்று 2005-ல் ஜஸனாஃப் ஒப்பிட்டு எழுதியதை இந்தக் காட்சியோடு சேர்த்து வாசிக்கலாம்.

நமக்கு ஒரு மனக்குறையும் உண்டு. அறிவும் சமூக ஒழுங்கும் ஒன்றையொன்று ஆக்கிக்கொள்கின்றன என்ற அவருடைய புகழ்பெற்ற கருத்து சற்று அதிகமாகவே நீள்கிறது. எல்லாம் எல்லாவற்றையும் ஆக்குமானால் குற்றவாளிக் கூண்டில் யாரை நிறுத்துவது?

போபாலைப் பற்றி 1994-ல் அவர் தொகுத்த நூலைக் கையிலெடுக்கும்போது இக்கேள்வி இன்னும் உறுத்துகிறது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் மீதைல் ஐசோசயனேட் கசிந்தது. எதைச் சுவாசித்தவர்கள் வந்திருக்கிறார்கள், எந்த மருந்து கொடுப்பது என்று தெரியாமல் மருத்துவர்கள் தவித்தனர். தயோசல்ஃபேட் ஊசி போடலாமா கூடாதா என்று நிபுணர்கள் பின்னர் நெடுநாள் சர்ச்சையிட்டார்கள். ஊசிக்காக வரிசையில் நின்றவர்களை அந்தச் சர்ச்சையில் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.