சின்னக் குச்சி, பெரிய பாடம்!



டி.வி. பார்க்காத பிள்ளை உங்களில் ஒருவர் கூட இருக்க முடியாது. ஆனால், அந்தப் படம் எப்படி வந்து சேருகிறது என்று என்றைக்காவது யோசித்தது உண்டா? 'கேபிளில் வருகிறது, செல்போனில் வருகிறது' என்பீர்கள். அது படம் வந்த வழி. எப்படி வந்தது என்பதற்கு அது விடை ஆகாது.

உங்கள் தாத்தா, பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்புவார். இன்னொருவர் கூடத்தில் இருந்து, 'தெரியல... இன்னும் கொஞ்சம் திருப்பு... ஆங், போதும்!' என்று கத்துவார். தென் மாவட்டக் கடலோர ஊர்களில் இலங்கைப் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பி, 'ரூபவாஹினி' பார்த்தவர்களும் உண்டு. அப்படி வானில் வந்தவை அனலாக் அலைகள்.

நம் நாட்டில் 1959 செப்டம்பர் 15 அன்று டில்லியில் டி.வி. ஒளிபரப்பு தொடங்கியது. சென்னைக்கு 1975இல் வந்தது. தரைவழி அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில், முக்கியமான சுமார் 50 இடங்களைத் தவிர மற்றவற்றை 2022 மார்ச்சுக்குள் நிறுத்திவிடுவதாகப் பிரசார் பாரதி அறிவித்தது. ஜப்பான், பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகள் அதற்கு முன்பே டிஜிட்டலுக்கு மாறிவிட்டன.

'போனது போகட்டும், அதைப் பற்றி இப்போது என்ன பேச்சு?' என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

பென் டிரைவ் அளவில் ஒரு சின்னக் குச்சி உண்டு. 'டாங்கிள்' என்பார்கள். வெளிநாடுகளில் கம்ப்யூட்டரில் டிஜிட்டல் டி.வி. பார்ப்பதற்காகச் செய்து விற்கப்பட்டது. 2012இல் அதன் விலை சுமார் 20 அமெரிக்க டாலர்தான். அதற்குள் இருந்த சிப், எப்.எம். ரேடியோ கேட்கும்போது மட்டும் வேறு விதமாக வேலை செய்தது. அந்த ஆண்டு பின்லாந்து நாட்டைச் சேர்ந்த ஆன்ட்டி பலோசாரி என்ற மென்பொருள் வல்லுநர் இதைக் கவனித்தார். அலையின் அளவீடுகளை அந்தச் சிப் அப்படியே கம்ப்யூட்டருக்குத் தள்ளிவிடுகிறது என்று கண்டார். அளவீடு கைக்கு வந்துவிட்டால் மிச்ச வேலையை மென்பொருளே செய்துவிடுமே! 'ஆஸ்மோகாம்' என்ற குழுவினர் அதற்கான மென்பொருளை எழுதி, எல்லாரும் பார்க்கவும் திருத்தவும் இலவசமாக வெளியிட்டார்கள். டி.வி. பார்க்க மட்டும் என்று விற்கப்பட்ட குச்சி, பலவகை வானொலி அலைகளைப் பிடிக்கும் கருவியாகிவிட்டது.

பழைய அனலாக் டி.வி. அலையையும் இந்தக் குச்சியால் பிடிக்கலாம். எப்படி என்று பார்ப்போமா?

நம் நாட்டு முறையில் ஒரு படம் 625 வரிகளாகப் பிரிக்கப்படும். ஒரு வினாடிக்கு 25 படங்கள். இரண்டையும் பெருக்குங்கள். 15,625 வரிகள்! ஒவ்வொரு வரியிலும் இருட்டான இடம் வந்தால் அலையின் வலிமை கூடும். வெளிச்சமான இடம் வந்தால் குறையும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே அலை உச்ச வலிமைக்குப் போய் வரும். பீரியட் முடிந்தால் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறோமே, அது மாதிரி! அந்த மணியைக் கேட்டுத்தான் டி.வி. அடுத்த வரியைத் தொடங்கும். மணி சரியாகக் கேட்காவிட்டால் படம் சாய்ந்து போகும், அல்லது உருளும்.

இந்தக் குச்சி ஒரு வினாடிக்குச் சுமார் 24 லட்சம் முறை அலையை அளக்கும். ஒவ்வொரு முறையும் இரண்டு சின்ன எண்களைக் கொடுக்கும். அவற்றை வைத்து அலையின் வலிமையைக் கம்ப்யூட்டர் கணக்கிடும். இப்போது பென்சிலை எடுங்கள். 24 லட்சத்தை 15,625 ஆல் வகுத்தால் என்ன வரும்? 153.6! ஆக, ஒரு வரிக்கு ஏறக்குறைய 153 புள்ளிகள். வலிமை கூடினால் கறுப்பு, குறைந்தால் வெள்ளை என்று அந்தப் புள்ளிகளை வரிவரியாக அடுக்கினால் படம் வந்துவிடும். நீங்கள் படித்த பெருக்கலும் வகுத்தலும்தான் இதன் அடிப்படை!

ஆனால் ஒன்று. படம் மங்கலாக, கறுப்பு வெள்ளையில்தான் தெரியும். ஏன்? ஒரு டி.வி. சேனலின் அகலம் 7 மெகாஹெர்ட்ஸ். இந்தக் குச்சி ஒரே சமயத்தில் கேட்பதோ சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ். படத்தின் அலையில் இருந்து 4.43 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வண்ணம் இருக்கும், 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி ஒலி இருக்கும். பாதி திறந்த கதவு வழியே தெருவைப் பார்ப்பது போலத்தான். தேர் தெரியும். பின்னால் வரும் மேளம் தெரியாது.

மங்கல் படத்துக்கா இத்தனை பாடு என்று நினைக்காதீர்கள். டிஜிட்டல் படம் தெளிவானது. ஒரே அலைவரிசையில் பல சேனல்களைத் தரக்கூடியது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், அங்கே படம் கணக்குகளுக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். பிரித்துப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டும். அனலாக் அப்படி இல்லை. அலை ஏறினால் இருட்டு, இறங்கினால் வெளிச்சம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும். புரிந்துகொள்ள எளிதான ஒரு பாடம் உலகத்தை விட்டுப் போகிறது. போகும் முன் அதை ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்துவிட வேண்டாமா?

வானில் அனலாக் ஒளிபரப்பு இல்லாத ஊரிலும் வழி இருக்கிறது. ஆன்டெனா கம்பி வழியாக டி.வி.க்குப் படம் அனுப்பும் பழைய வி.சி.ஆர்., வீடியோ கேம் பெட்டிகள் சில வீட்டுப் பரண்களில் இன்னும் தூங்குகின்றன. அவற்றைப் பழைய சாமான்காரருக்குப் போடும் முன் உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். அதன் கம்பியை டாங்கிளில் இணைத்தால் அதே அலை வரும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு டாங்கிள் போதும். ஒரு வகுப்பே பார்க்கலாம். தலைமை ஆசிரியர்களுக்கும் இதை ஒரு கோரிக்கையாகவே வைக்கிறேன்.

இன்னும் ஒரு நல்ல செய்தி. சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்து அவ்வப்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் மாணவர்களுக்காகப் படங்கள் அனுப்பப்படுகின்றன. அதுவும் அனலாக் முறைதான். ஒரு படம் வரவே இரண்டு நிமிடம் ஆகும். வரிவரியாக அது திரையில் விரிவதைப் பார்க்கும் சுகமே தனி!

இரண்டு எச்சரிக்கைகள். பழைய டி.வி. பெட்டியின் பின்மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் படக்குழாயில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். அடுத்து, வி.சி.ஆரில் இருந்து வரும் கம்பியை டாங்கிளில் மட்டுமே இணைக்க வேண்டும், ஆன்டெனாவில் மாட்டக்கூடாது. மாட்டினால் நீங்களே ஒளிபரப்புவதாகிவிடும். அலையை அனுப்புவதற்கு அரசின் உரிமம் வேண்டும்.

செல்லங்களே, 'இது இதற்கு மட்டும்தான்' என்று எழுதித்தான் கடைக்காரர் ஒரு பொருளை விற்பார். 'வேறு எதற்கெல்லாம் ஆகும்?' என்று கேட்பது உங்கள் வேலை. அப்படிக் கவனித்துப் பார்த்த ஒருவரால் உலகம் முழுவதும் பிள்ளைகளுக்கு மலிவான ஆய்வுக்கூடம் கிடைத்தது. விடையைக் கண்டவர்கள் அதைப் பூட்டி வைக்காமல் பகிர்ந்ததால்தான் அது நம் கைக்கும் வந்தது. கேளுங்கள், கண்டுபிடியுங்கள், கண்டதைப் பக்கத்து பெஞ்சுக்காரனுக்கும் சொல்லிக் கொடுங்கள்!

இந்த வாரம் உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது எப்படி வேலை செய்கிறது என்று அரைப் பக்கம் எழுதிப் பாருங்களேன்!