கால்கள் செலுத்தும் அஞ்சலி



இறந்தவர்களை நினைவுகூர நம் ஊரில் வழிகளுக்குப் பஞ்சமில்லை. நம்மில் சிலர் கல்லறைத் திருநாளன்று கல்லறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். சிலர் வீட்டில் மணிமுத்தாற்றங்கரையில் திதி கொடுக்கிறார்கள். சிலர் வடலூருக்குச் சென்று தருமசாலைக்கு அரிசி வழங்கிவிட்டு வருகிறார்கள். 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அங்கே இன்றும் எரிகிறது. வசதியுள்ளவர்கள் செய்தித்தாளில் படத்துடன் கண்ணீர் அஞ்சலி வெளியிடுகிறார்கள்.

இவற்றில் எதையும் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை ஒரே நாளில் முடிந்துவிடுகின்றன. மறுநாள் காலை வீடு பழையபடி இருக்கிறது; துக்கமும் பழையபடி இருக்கிறது. ஆகவே நான் வேறொரு வழியைச் சொல்ல விரும்புகிறேன். தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளைகள், அவர் நினைவாக ஒரு நெடிய மிதிவண்டிப் பயணம் மேற்கொண்டு, அதனால் திரளும் பணத்தை முன்பின் அறியாத நோயாளிகளுக்கு அளிக்கலாம். அந்தப் பயணத்தைவிட அதற்காகப் பல மாதங்கள் செய்யும் பயிற்சியே சிறந்த அஞ்சலி என்பது என் கருத்து.

துயரத்தை அறமாக மாற்றுவது நமக்குப் புதிதா? இல்லை. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். அவர் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரம் அவரை விட்டு அகலவில்லை. 1954-இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் ஒரு புற்றுநோய் மருத்துவமனையை அவர் நிறுவினார். 1955-இல் அங்கே பணிக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா அவர்கள், 2021-இல் மறையும் வரை அதையே தம் வீடாகக் கொண்டார். ஒரு தங்கைக்காகச் சிந்திய கண்ணீர் எத்தனை குடும்பங்களுக்கு மருந்தாயிற்று, பாருங்கள்!

மிதிவண்டிக்கும் இத்தகைய வரலாறு உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த பில்லி ஸ்டார் என்பவர் 1974-இல் தம் தாயாரை மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். 1980-இல் அவரும் நண்பர்களுமாக 36 பேர், ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்து கடற்கரை ஊரான புராவின்ஸ்டவுன் வரை மிதிவண்டியில் சென்றார்கள். அந்த முதல் ஆண்டில் திரண்ட தொகை 10,200 டாலர். பயணம் ஆண்டுதோறும் தொடர்ந்தது. 2024-ஆம் ஆண்டுக்குள் மொத்தத் தொகை 100 கோடி டாலரைக் கடந்தது. அது பாஸ்டன் நகரிலுள்ள டேனா ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்குச் செல்கிறது. ஒரு மகன் தன் தாய்க்காக மிதித்த மிதி அது!

அதே 1980-இல் கனடாவில் டெரி ஃபாக்ஸ் என்னும் இளைஞர் ஓடினார். புற்றுநோயால் வலக்காலை இழந்தவர் அவர். செயற்கைக் காலுடன் 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதி வழியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு இறந்தார். இதை உலகம் அறியும். பலர் அறியாதது ஒன்றுண்டு. அந்த ஓட்டத்துக்கு முன் ஓராண்டுக்கும் மேலாகப் பயிற்சி செய்தபோதே அவர் ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் ஓடியிருந்தார். கைதட்ட ஒருவரும் இல்லாத சாலையில் ஓடிய அந்த 5,000 கிலோமீட்டர்தான், எல்லாரும் பார்த்த 5,373 கிலோமீட்டரைத் தந்தது.

தோழியரே, இதை நான் வெறும் செய்தியாக எழுதவில்லை. என் தாயார் நம் ஊரில் ஒரு பொம்மைப் பட்டறையில் வேலை செய்தார். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரத்துப் பிசிறைச் சுரண்டிச் சீர் செய்வது அவர் வேலை. மார்பில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி தோன்றியது. பத்து மாதம் அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. கூச்சம் ஒரு காரணம். மருத்துவமனைக்குப் போனால் அன்றைய கூலி போய்விடுமே என்பது மற்றொன்று. என் அத்தை அறிந்து அழைத்துச் சென்றபோது நோய் முற்றியிருந்தது. அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மார்பகப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள் என்பதை நான் பிறகுதான் படித்து அறிந்தேன். ஒரு கட்டியைக் காட்டிலும் அதைப் பற்றிய மௌனம் கொடியது. என் மிதிவண்டிப் பயணம் அந்த மௌனத்துக்கு எதிரானது.

இதற்கு எழும் மறுப்புகளையும் நான் கேட்டிருக்கிறேன். முதல் மறுப்பு: "பணம்தானே வேண்டும்? நேராகக் கொடுத்துவிடலாமே! கால் வலிக்க மிதிப்பானேன்?" என்பது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். விருத்தாசலத்திலிருந்து நெய்வேலி, வடலூர் வழியாகக் கடலூர் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். முதல் நாள் போய் மறுநாள் திரும்பினால் 120. மாணவியர் 20 பேர் செல்வதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் பத்துப் பேர் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் தர முன்வந்தால் மொத்தம் ரூ. 24,000. நம்மில் யாரால் தனியாக இவ்வளவு கொடுக்க முடியும்?

அரசு மருத்துவமனைகளில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்கும் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குமான சோதனையை இலவசமாகவே செய்கிறார்கள். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் மேல் சிகிச்சைக்குக் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ போக வேண்டுமானால் வழிச்செலவு உண்டு, கூலியும் போகும். அதற்கு ஒருவருக்கு ரூ. 600 என்று வைத்தால், நம் ரூ. 24,000 நாற்பது பெண்களை மருத்துவரிடம் கொண்டு சேர்க்கும். அதற்கும் மேலாக, நன்கொடை கேட்டு நாம் ஏறும் ஒவ்வொரு வாசலிலும் எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லியாக வேண்டும். இருநூறு வீடுகளில் அந்தப் பேச்சு எழும். உண்டியலில் போட்ட பணத்துக்கு அந்த வாய் இல்லை.

இரண்டாம் மறுப்பு: "வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் ஊர் பார்க்கச் சைக்கிளில் போவதா?" என்பது. இதற்குப் புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் 30 ஆண்டுகளுக்கு முன்பே விடை கூறிவிட்டார்கள். 1991-இல் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தறிவைக் கொண்டு வந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் மிதிவண்டி ஓட்டக் கற்பதையும் அதனுடன் சேர்த்தார். கல்லுடைக்கும் பெண்களும் வயலில் நடவு நடும் பெண்களும் பல்லாயிரக்கணக்கில் கற்றார்கள். பெண்கள் ஓட்டும் வண்டி போதாதபோது, பார் வைத்த ஆண்கள் வண்டியையே ஓட்டினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று சிலர் அதையே விரும்பினார்களாம்! என் அம்மாச்சி அவர்களில் ஒருவர். சிறுமியாக இருந்த என் தாயார்தான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினாராம். அன்று ஊர் சிரித்தது, பிறகு பழகிக்கொண்டது. ஊரின் சிரிப்பு அவ்வளவு காலமே நிற்கும்.

மூன்றாம் மறுப்பு நம் ஆசிரியைகளுடையது: "பொதுத்தேர்வு இருக்கிறதே!" நியாயமான கவலைதான். ஆகவே பயணம் இவ்வாண்டு வேண்டாம். அடுத்த ஆண்டு பிளஸ் ஒன் வகுப்பில் அரசின் விலையில்லா மிதிவண்டி நம் கைக்கு வரும். அதன் பிறகு வரும் பொங்கல் விடுமுறையில் செல்லலாம். கத்திரி வெயிலில் இந்தச் சாலை ஆகாது; ஐப்பசி கார்த்திகையில் நம் மாவட்டத்து மழை விடாது; தை மாதமே ஏற்றது. பயிற்சிக்கு வேண்டியது காலையில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் படிப்பைக் கெடுக்காது. தூக்கத்தையும் தொலைக்காட்சியையும் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும்? நம் ஊர் செராமிக் தொழிற்பேட்டையைப் பார்த்தாலே போதும். கூழாகக் கரைத்த களிமண்ணைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சியதும் பொம்மையை எடுத்து நிழலில் காய வைக்கிறார்கள். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெளிப்புறம் முதலில் சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், பொம்மை வெடிக்கும். நன்றாகக் காய்ந்ததே சூளையின் வெப்பத்தைத் தாங்கும். உடலும் அப்படியே. முதல் நாளே 40 கிலோமீட்டர் மிதிப்பவள் மறுநாள் படுத்துவிடுவாள். முதல் வாரம் ஒரு நாளைக்கு 10 கிலோமீட்டர். பிறகு வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 12 வாரத்தில் 30 கிலோமீட்டரைத் தாண்டிவிடலாம். வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு வேண்டும். தூரம் கூடக் கூட நேரமும் கூடுமாதலால், நீண்ட பயிற்சியை ஞாயிறு மாலைக்கும் விடுமுறை நாளுக்கும் வைத்துக்கொள்ளலாம். வீரமாமுனிவர் கட்டிய பெரியநாயகி அன்னை ஆலயம் இருக்கும் கோணான்குப்பத்துக்குப் போய்வருவது நல்ல தேர்வாக அமையும்.

இருக்கையின் உயரத்தைக் கவனியுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். தாழ்ந்த இருக்கை முழங்காலைக் கெடுக்கும். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்க வேண்டும். உப்பிட்ட நீர்மோரும் நீராகாரமும் கடைப் பானங்களைவிட மேல். பஞ்சர் ஒட்டவும் செயின் மாட்டவும் பிரேக் கட்டை மாற்றவும் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ள வேண்டும். தலைக்கவசம் இல்லாமல் ஒருவரும் புறப்படக் கூடாது. நெய்வேலிச் சாலையில் லாரிகளும் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் செல்கின்றன. எனவே ஒருவர் பின் ஒருவராக, இடப்புறமாக, பெரியவர்கள் துணையுடன் மட்டுமே செல்ல வேண்டும். இருட்டும் முன் வண்டியை நிறுத்த வேண்டும். ஓர் உயிரின் நினைவுக்காகச் செல்பவர்கள் இன்னோர் உயிரைப் பணயம் வைக்கலாகாது.

இன்னொன்றையும் வற்புறுத்துவேன். திரளும் பணத்தில் நாம் ஒரு தேநீர்கூடக் குடிக்கக் கூடாது. பில்லி ஸ்டார் தொடங்கிய பயணத்தில், ஓட்டுபவர்கள் திரட்டும் பணம் முழுவதும் மருத்துவ நிலையத்துக்கே செல்கிறது. பயணத்தின் செலவுக்குப் பதிவுக் கட்டணமும் பிறர் ஆதரவும் தனியாக உள்ளன. நாமும் நம் சோற்றை நாமே கட்டிக்கொண்டு செல்வோம். கணக்கை எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். கணக்குக் காட்டாத தருமம் ஒரு முறைதான் நடக்கும்.

"இதனால் இறந்தவர் திரும்பி வருவாரா?" என்று கேட்கலாம். வரமாட்டார். ஆனால் துக்கத்துக்கு ஒரு குணம் உண்டு. சும்மா உட்கார்ந்திருந்தால் அது நம்மை அழுத்தும். வேலை கொடுத்தால் கூடவே நடக்கும். ஒரு நாள் அஞ்சலியில் நாம் அவரை ஒரு நாள் நினைக்கிறோம். நூறு நாள் பயிற்சியில், எழ மனமில்லாத ஒவ்வொரு காலையும், யாருக்காக எழுகிறோம் என்று நினைத்துத்தான் எழ முடியும். நூறு முறை அவர் பெயரை மனத்தில் சொல்லியாக வேண்டும். இதைவிட நீண்ட நினைவஞ்சலி எது?

ஆகவே நம் பள்ளியில் ஒரு மிதிவண்டிக் குழு அமைக்க அனுமதி தருமாறு தலைமையாசிரியை அவர்களை வேண்டுகிறேன். பெற்றோரை இழந்தவர்கள் மட்டும் சேர வேண்டும் என்பதில்லை. பாட்டிக்காக வரலாம், பக்கத்து வீட்டு அக்காவுக்காக வரலாம், பெற்றோர் இருவரும் நலமாக இருப்பதற்கு நன்றியாகவும் வரலாம். இவ்விதழை வீட்டில் படிக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எங்களுக்கு நன்கொடை தருவது பிறகு இருக்கட்டும். 30 வயதைக் கடந்தவர்கள் இந்த மாதமே அரசு மருத்துவமனைக்குச் சென்று சோதனை செய்துகொள்ளுங்கள். உடம்பில் புதிதாக ஏதேனும் தட்டுப்பட்டால், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கூலி மறுநாளும் கிடைக்கும்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி