கதவு வைத்த பக்தி

பழைய ஆசனங்களைப் பெயர்த்து எறிந்துவிட்டால் தேவாலயத்தில் சமத்துவம் வந்துவிடும் என்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. இங்கிலாந்தில் 1839-இல் தோன்றிய கேம்பிரிட்ஜ் காம்டன் சங்கம் மும்முரமாக நடத்திய பிரசாரம் இது. இன்றும் அங்கே பல ஊர்களில் பெஞ்சைக் கழற்றிவிட்டு நாற்காலி போடுகிறார்கள்.

யார்க்ஷைர் கடற்கரையில் விட்பி என்று ஓர் ஊர். 199 படி ஏறினால் புனித மரியாள் ஆலயம். 'டிராகுலா' படித்தவர்களுக்கு அதன் கல்லறைத் தோட்டம் ஞாபகமிருக்கும். எனக்கென்னவோ உள்ளே இருப்பதுதான் பயங்கரம். 12-ஆம் நூற்றாண்டுக் கோயில். ஜனம் பெருகப் பெருக மாடம் கட்டினார்கள், பக்கவாட்டில் விரித்தார்கள், கண்ட இடமெல்லாம் ஆசனம் போட்டார்கள். ஆசனம் என்றால் நாம் நினைக்கிற பெஞ்சு அல்ல; நாலு பக்கமும் பலகை அடைத்து, கதவு வைத்த பெட்டி. குதிரை லாயம் என்றே சொல்லலாம். நடுவே ஒரு கரி அடுப்பு. 1778-இல் செய்த மூன்றடுக்குப் பிரசங்க மேடை. இவை போதாவென்று, ஊர்ப் பிரபுக்களான சம்லி குடும்பத்தார் முறுக்குத் தூண்களின் மேல் தங்களுக்கென்று ஒரு மாடம் எழுப்பிக்கொண்டார்கள். எங்கே? பலிபீடத்துக்குப் போகும் வளைவை மறைத்து! அதில் உட்கார்ந்தால் எதிரே பிரசங்கியும் குடிகளும். பலிபீடம் முதுகுக்குப் பின்னால்.

இதையும் அகற்ற வேண்டாமா என்பீர்கள். கூடாது என்கிறேன். அழகுக்காகச் சொல்லவில்லை. பெட்டியை உடைத்த எத்தனையோ கோயில்களில் ஆசன வாடகையை மட்டும் உடைக்கவில்லை. திறந்த பெஞ்சுக்கும் பணம் வாங்கினார்கள். இன்று அங்கே போய்ப் பாருங்கள், தரை பளிச்சென்று இருக்கும். யார் யாரை மறைத்தார்கள் என்பதற்குச் சாட்சி கிடையாது. விட்பியில் ஒரு குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கி, புதுப்பிக்கிறோம் என்று துடைத்தெடுப்பதை எதிர்த்த வில்லியம் மாரிஸ், பின்னாளில் சோஷலிஸ்டாக விளங்கியவர் என்பதையும் சமத்துவக்காரர்கள் யோசிக்கட்டும்.

பிரசங்க மேடையில் காதுக் குழல்கள் பொருத்தியிருக்கின்றன. செவிடான ஒரு குருபத்தினிக்காக வைத்தவை. சில பெட்டிகளின் மேல் 'அந்நியருக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறது. அது உபசாரந்தான் என்கிறார்கள். இருக்கலாம். உபசாரத்துக்குத் தனிப் பெட்டி எதற்கு? பலகை இன்னும் அங்கே இருப்பதனால்தானே நான் கேட்கிறேன்!