ஒன்பது மீட்டர் ஓட்டம்!

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஒரு பிக்கப் வண்டி மலையை ஒரு தடவை வலம் வந்தா, அதோட இடது சக்கரம் வலது சக்கரத்தைவிட சுமார் 9 மீட்டர் அதிகமா ஓடியிருக்கும். நம்பலையா? ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல ஏறக்குறைய 1.4 மீட்டர்னு வெச்சு, அதை 2 'பை'யால பெருக்கிப் பாருங்க மக்கா!

இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கிறவர்தான் பின் ஆக்ஸில் நடுவுல இருக்குற மிஸ்டர் டிஃப்ரன்ஷியல். பின்னாடி 'ஊய்ங்'னு சத்தம் கேட்டா உடனே அவரைக் கழட்டாதீங்க. முதல்ல காது கொடுங்க.

ரோடு மாறினா சத்தமும் மாறுதா? டயர். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா ஊளை, காலை எடுத்தா வேற ராகமா? கிரவுன்-பினியன். வலது பக்கம் வளைச்சா உறுமல் கூடுதா? பாரம் இடது பக்கம் சாயுது. இடது வீல் பேரிங்கைப் பாருங்க. நேரா போனா கப்சிப், திரும்பினா மட்டும் கடகடவா? டிஃப்ரன்ஷியலுக்குள்ள இருக்குற சின்னப் பல்சக்கரங்கள். கிளட்சை விட்டதும் 'டொக்'கா? யு.ஜே. கிராஸ்.

அடுத்து, ஆக்ஸில் ஆயிலை இறக்குங்க. இரும்புச் செதில் கிடைச்சா உள்ளே ஏதோ உடையுது. பினியன் மட்டும் மாத்தி காசு மிச்சம் பிடிக்க முடியாது. கிரவுனும் பினியனும் ஜோடியாத்தான் மாறணும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில படுக்காதீங்க, ஸ்டாண்டு வைங்க.

'ஓடுற வரைக்கும் ஓடட்டும்'னு விட்டா, சில வண்டிகள்ல பேரிங் போய் சக்கரமே கழண்டுடும். பௌர்ணமி ராத்திரி செங்கம் ரோட்டுல எத்தனை பேர் வெறுங்காலோட நடக்குறாங்கன்னு உங்களுக்கே தெரியும். அதனால, சத்தம் வந்தா பாட்டு வால்யூமைக் கூட்டாதீங்க... குறைங்க பாஸ்!