விளையாட்டு அறிவியலுக்கு இந்த வடிகட்டி எதற்கு?

விளையாட்டு அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு யாரைச் சேர்ப்பது என்பதை தேசியத் தகுதித் தேர்வான நெட்டின் மதிப்பெண்ணை வைத்தே தீர்மானித்துக்கொள்ளலாம் என்று 2024 மார்ச்சில் டெல்லியிலிருந்து பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்த ஏற்பாடு, இந்தத் துறையைச் சற்றும் அறியாதவர்கள் செய்த ஏற்பாடு. பல்கலைக்கழகங்கள் தாமே நடத்திவந்த நுழைவுத் தேர்வுக்குப் பதில் இதைப் பயன்படுத்தலாம் என்றுதான் அறிவிப்பு பதமாகச் சொல்கிறது. மானியமும் அங்கீகாரமும் எந்தக் கையில் இருக்கின்றனவோ, அந்தக் கையிலிருந்து வரும் யோசனையை எந்தப் பல்கலைக்கழகம் தட்டிக்கழிக்கும்?

விளையாட்டு அறிவியல் பிறந்தது ஆய்வுக்கூடத்தில். தசை வேலை செய்யும்போது உண்டாகும் வெப்பத்தை அளந்ததற்காக ஏ.வி. ஹில்லுக்கு 1922ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஓடுகிறவர் உச்சகட்டமாக எவ்வளவு ஆக்சிஜனை உட்கொள்ள முடியும் என்ற கணக்கும் அவர் வழியில் வந்ததுதான். 1927 முதல் 1947 வரை ஹார்வர்டில் இயங்கிய களைப்பு ஆய்வுக்கூடம் அதை மேலும் வளர்த்தது. தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. 2005இல் இத்துறைக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் கண்ட மாநிலம் இது. மேலக்கோட்டையூரில் அது இயங்குகிறது.

இந்தத் துறையில் ஆய்வு என்பது எப்படி நடக்கிறது? லாக்டேட் சோதனையை எடுத்துக்கொள்ளலாம். டிரெட்மில்லில் ஓடும் வீரருக்குச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வேகம் கூட்டப்படும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் விரல்நுனியிலோ காதுமடலிலோ ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். குத்துவதற்கு முன் வியர்வையைச் சுத்தமாகத் துடைத்தாக வேண்டும். முதல் சொட்டையும் வழித்தெடுத்துவிட வேண்டும். வியர்வையிலும் லாக்டேட் உண்டு. அது ரத்தத்தில் கலந்தால் கருவி காட்டும் எண் பொய். இந்தப் பொய் எண்ணை வைத்துப் பயிற்சித் திட்டம் போட்டால் வீரர் ஒரு பருவத்தையே இழப்பார். இதையெல்லாம் பதற்றமில்லாமல் செய்யத் தெரிந்தவரா, வந்த எண்ணைச் சந்தேகிக்கத் தெரிந்தவரா என்பதுதான் ஆய்வு மாணவரைத் தேர்ந்தெடுக்கும் பேராசிரியர் பார்க்க வேண்டியது.

நெட் தேர்வு எதைப் பார்க்கிறது? மூன்று மணி நேரத்தில் 150 கேள்விகள், 300 மதிப்பெண்கள், நான்கில் ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் முறை. முதல் தாளின் 50 கேள்விகள் கற்பிக்கும் திறன், உயர்கல்வி நிர்வாகம், சுற்றுச்சூழல், கணினி அறிவு என்று எல்லாருக்கும் பொதுவானவை. இரண்டாம் தாளில்தான் பாடம் வருகிறது. எண்பதுக்கும் மேற்பட்ட பாடங்கள் கொண்ட அந்தப் பட்டியலில் விளையாட்டு அறிவியல் என்று தனிப் பாடமே கிடையாது. உடற்கல்வி என்ற ஒரே கூரையின் கீழ் எல்லாரும் ஒதுங்க வேண்டும். அதன் பத்து அலகுகளில் உடற்பயிற்சி உடலியங்கியலுக்கு ஓர் அலகு, பயோமெக்கானிக்ஸுக்கு ஓர் அலகு. மீதியில் உடற்கல்வியின் வரலாறும் தத்துவமும் உண்டு, பாடத்திட்டம் வகுப்பதும் உண்டு, நிர்வாகமும் உண்டு. உடற்கல்வி ஆசிரியர் ஆகப்போகிறவருக்கு இவை வேண்டியவைதான். முழங்கால் மூட்டில் விழும் விசையைக் கணக்கிட வந்தவருக்கு?

கிருஷ்ணன்கோவிலில் இருந்து பார்த்தால் இந்தக் கோளாறு இன்னும் பளிச்சென்று தெரியும். மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகக் கொல்லம் போகும் சாலையில், வத்திராயிருப்புக்குப் பிரியும் இடத்தில் இருக்கும் ஊர் இது. 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கலசலிங்கம் இங்கேதான் இருக்கிறது. விளையாட்டு அறிவியலுக்கு வேண்டிய சென்சாரும் கேமராக் கணக்கும் உயிரியல் ஆய்வும் பொறியியல் வளாகங்களில்தான் பிறக்கின்றன. சுற்றிலும் கபடி விளையாடாத கிராமம் இல்லை. சித்திரை வெயில் இறங்குவதற்குள் பயிற்சிக்கு இறங்கும் பிள்ளைகளை எடைபோட்டுப் பார்த்தாலே ஓர் ஆய்வுக்கான கேள்வி கிடைத்துவிடும். ஐம்பது கிலோ எடையுள்ள பெண் பயிற்சி முடிந்து தராசில் ஏறும்போது ஒரு கிலோ குறைந்திருந்தால், ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரை உடல் இழந்திருக்கிறது. அது உடல் எடையில் இரண்டு சதவீதம். தாக்குப்பிடிக்கும் திறன் சரியத் தொடங்குவதாக ஆய்வாளர்கள் பொதுவாகக் குறிக்கும் எல்லை. அந்தப் பெண் எப்போது, எவ்வளவு, எதைக் குடிக்க வேண்டும் என்பதற்கு லண்டனில் எழுதிய புத்தகம் முழு விடை சொல்லாது. இந்த மண்ணில் அளந்துதான் சொல்ல முடியும்.

அளக்க வருகிறவர் யார்? பிசியோதெரபி படித்தவர் வரலாம், உயிரித் தொழில்நுட்பம் படித்தவர் வரலாம், அதே மைதானத்தில் ஆடிவிட்டு உடற்கல்வி படித்தவரும் வரலாம். மூவரில் யார் தேறுவார் என்பதை இனி அந்த 150 கேள்விகள் சொல்லுமாம். நெட் வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றவருக்கு நேர்காணல் போதும். மற்றவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 சதவீதம். அந்த மதிப்பெண்ணுக்கும் ஆயுள் ஓராண்டுதான். துறையே கேள்வித்தாள் தயாரித்த காலத்தில் பாதிக் கேள்விகளையாவது தன் ஆய்வுக்கு ஏற்றபடி கேட்க முடிந்தது. நெட்டை ஏற்றுக்கொண்டால் அந்த உரிமையும் இல்லை. போதாததற்குக் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். அரசுப் பள்ளியில் தமிழில் படித்து, மைதானத்தில் பாதி நாளைக் கழித்து, கஷ்டப்பட்டு முதுநிலை முடித்தவர், இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவரோடு மோத வேண்டும். அவருக்குத் தாய்மொழியில் தாள், இவருக்கு இல்லை. இதற்குப் பெயர் ‘நாடு முழுவதற்கும் சமமான ஒரே தேர்வு’. ஆழ்கிணற்றில் குதித்து நீந்துகிறவனை மேலே ஏற்றி நிறுத்தி, நீச்சலைப் பற்றிக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வதுபோல் இருக்கிறது.

மாணவர்கள் பல பல்கலைக்கழகங்களுக்கு அலைந்து பல தேர்வுகள் எழுத வேண்டியதில்லை, செலவு மிச்சம் என்று இதற்கு ஆதரவாகச் சொல்லப்படுகிறது. உண்மைதான். அலைச்சலைக் குறைக்கத் தேர்வு மையத்தைக் கூட்டலாம். பாடத்தைக் குறைக்க வேண்டியதில்லை.

இந்த முடிவை எடுத்தவர்களின் முந்தைய சாதனைகளைப் பார்த்தால் வியப்பு அடங்கிவிடும். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் ஆவதற்கு முனைவர் பட்டம் கட்டாயம், 2021 ஜூலை முதல் அமல் என்று 2018இல் விதி போட்டார்கள். பிறகு 2023 ஜூலைக்குத் தள்ளினார்கள். அந்த ஜூலை வந்ததும் முனைவர் பட்டம் கட்டாயமில்லை, நெட் போதும் என்றார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அதை நம்பிக் கடன் வாங்கி ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு யார் பதில் சொன்னார்கள்?

எம்.ஃபில். கதை இன்னும் மோசம். 2022 நவம்பரில் வந்த விதிமுறை அந்தப் பட்டத்துக்கே முற்றுப்புள்ளி வைத்தது. 2023 டிசம்பரில், இனியும் சேர்த்தால் செல்லாது என்று மிரட்டல் வேறு. மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் பிற்பாடு அவகாசம் கொடுத்தார்கள். அந்தத் துறைகளுக்காகப் பேச ஆள் இருந்தது. சிறு ஆய்வு ஒன்றைச் செய்து பார்த்துவிட்டுப் பெரிய ஆய்வுக்குப் போகும் படிக்கட்டு விளையாட்டு அறிவியலுக்கும் தேவை என்று எடுத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. படிக்கட்டை இடித்தவர்களே இப்போது மாடிக் கதவுக்குப் புதுப் பூட்டும் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் பூட்டாவது உருப்படியானதா? 2024 ஜூன் 18ஆம் தேதி நாடு முழுவதும் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் நெட் எழுதினார்கள். மறுநாளே தேர்வு ரத்து. கேள்வித்தாள் கசிந்ததாகக் காரணம் சொன்னார்கள். சி.பி.ஐ. விசாரித்தபோது, கசிவுக்கு ஆதாரமாகக் காட்டிய படம் திருத்தப்பட்டது என்று தெரியவந்தது. போலிப் படம் ஒன்றை நம்பி ஒன்பது லட்சம் பேரின் உழைப்பை ஒரே நாளில் குப்பையில் போட்டார்கள். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி மறுபடி எழுத வைத்தார்கள். முனைவர் பட்டச் சேர்க்கைக்கு நெட் மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்கத் தொடங்கிய முதல் தேர்வே இதுதான்!

அடுத்த தேர்வு பொங்கலுக்கு வந்தது. 2025 ஜனவரி 15, 16 தேதிகளிலும், அதாவது மாட்டுப் பொங்கலன்றும் அதற்கு மறுநாளும் தேர்வு என்று அட்டவணை போட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து எதிர்ப்பு எழுந்த பிறகு, கடைசி நேரத்தில் 15ஆம் தேதித் தேர்வை மட்டும் தள்ளிவைத்துவிட்டு, 16ஆம் தேதித் தேர்வை நடத்தியே தீர்த்தார்கள். நாட்காட்டியைப் புரட்டிப் பார்க்கக்கூட நேரம் இல்லாதவர்கள், யார் ஆய்வாளர் ஆகத் தகுதி உள்ளவர் என்று பார்க்கப் புறப்பட்டிருக்கிறார்கள்.

விளையாட்டு அறிவியலுக்குத் தனிப் பாடம் கொடுப்பதோ, செய்முறைத் தேர்வுக்கு இடம் விடுவதோ, தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் துறைகளிடமே திருப்பிக் கொடுப்பதோ, ஏதாவது ஒன்று நடந்தாக வேண்டும். தமிழில் கேள்வித்தாள் வேண்டும் என்ற கோரிக்கையையும் இனிக் கிடப்பில் போட முடியாது. மாநில அரசும் துணைவேந்தர்களும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் பேச வேண்டும். டெல்லியின் யோசனையை ஏற்பதும் ஏற்காததும் பல்கலைக்கழகங்களின் விருப்பம் என்று அறிவிப்பிலேயே இருப்பதைத் துணிந்து பயன்படுத்திக்கொள்ளவும் வேண்டும். அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கை அறிவிப்பு வெளிவருவதற்கு முன்பே அது நடக்கட்டும்.